கேபிளைத் துண்டித்த வீடு

முதல் தேதி பிறந்தால் கேபிள்காரர் தங்கப்பன் காலிக் காற்று உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வீடு வீடாகக் காற்றைக் கறந்துகொண்டு போவார். செவ்வாய்க் கிரகத்தில் காற்றுதான் செலாவணி. வீட்டுக்கு இவ்வளவு என்று நிர்வாகம் அளந்து விடும் உயிர்க்காற்றுக்கு மூச்சுப்படி என்று பெயர். அதில் ஒரு பங்கைக் கொடுத்தால் பூமியில் நடக்கும் ஆட்டங்கள் சுவரில் தெரியும். ஒளியே வந்து சேரக் கால் மணி நேரம் பிடிக்கும் தூரம். ஆனாலும் அதை நேரலை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நம் ஆட்களைக் கேட்கவா வேண்டும்!

அந்த மாதம் மாசிலாமணி கேபிளைத் துண்டித்துவிட்டார். அவர் மனைவி கோமதியின் நுரையீரலைச் சுரங்கத் தூசி அரித்திருந்தது. இனி ஒரு துளிக் காற்றைக்கூட வெளியே கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அப்ப செண்பகம் ஆடுறத எப்படிங்க பாக்குறது?" என்றாள் கோமதி.

செண்பகம் அவர்கள் பூமியில் விட்டு வந்த ஒரே மகள். நாட்டு அணியின் வேகப்பந்து வீச்சாளர். தொலைபேசித் தடம் பழுது என்று நிர்வாகம் கைவிரித்து வருடங்கள் ஆகிவிட்டன. மகளைச் சுவரில் பார்ப்பது ஒன்றுதான் பெற்றவர்களுக்கு மிச்சம்.

"வானத்துல வர்றது என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? நானே பிடிச்சுக் காட்டுறேன் பாரு."

உடைந்த சூரிய அடுப்பின் தட்டைக் கூரையில் ஏற்றி, பூமியைப் பார்த்துத் திருப்பி வைத்தார். இறுதி ஆட்டத்தன்று காலையில் அலைவாங்கியை முடுக்கினால் வெறும் இரைச்சல். அலைவரிசை ஒன்று விடாமல் துழாவினார். விமானம், கப்பல், வானொலி, எதன் குரலும் இல்லை. மாசிலாமணி அலைவாங்கியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். தங்கப்பன் வீட்டுக்கு ஓடினார்.

"அண்ணே, பூமியில ஒரு சத்தமும் இல்லையே!"

"ஆறு வருஷமாவே இல்ல."

"போன மாசம்கூட மேட்ச் வந்துச்சே?"

"பழைய ஆட்டத்த எல்லாம் மிஷினுக்குள்ள போட்டு வச்சிருக்கோம். அதுவா புதுசு புதுசா ஆடுது."

"என் மக?"

"சுவர்ல தெரியுறதும் மிஷின்தான்," என்றார் தங்கப்பன். "கேபிள வெட்டுனவங்க எல்லாரும் இப்படித் தட்டு வச்சுப் பாத்தவங்கதான். பாத்துட்டு எல்லாரும் எங்கிட்டயே திரும்பி வந்துட்டாங்க. இந்தத் தெருவுல தெரியாம இருந்தது உங்க வீடு மட்டும்தான்."

வீட்டுக்கு வந்தவருக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"தட்டு சரியா வரல கோமதி. கேபிளே போட்டுக்கலாமா? ஆனா உன் காத்துல இருந்துதான் குடுக்கணும்."

"குடுங்க. நான் மெதுவா மூச்சு விட்டுக்கிறேன்."

தங்கப்பன் வந்து காற்றைக் கறந்துகொண்டு போனார். சுவர் ஒளிர்ந்தது. கடைசி ஓவர், செண்பகம் ஓடி வந்து வீசினாள், ஸ்டம்பு பறந்தது. நடுவர் கையை நீட்டி நோபால் என்றார்.

மாசிலாமணி துள்ளி எழுந்தார். "அடப்பாவி! கால் கோட்டுக்கு உள்ளதானடா இருக்கு! உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

தெரு முழுக்க, வீடு தவறாமல், அந்த நடுவருக்கு அதே வசவு விழுந்துகொண்டிருந்தது.