மெக்கானிக் தாத்தாவின் மாறாத எடை

சில்வண்டுக்கு வாய் ஓயாது. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். சனிக்கிழமைகளில் அம்மாவுடன் வேலைக்குப் போகும்போது மட்டும் அந்த வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

அம்மா நர்ஸ். வீடு வீடாகப் போய் வயதானவர்களின் எடையையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெண்டைக்காலின் சுற்றளவையும் அளப்பார். அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று அதிலேயே கண்டுபிடித்துவிடுவார். சாதாரண அளவு நாடாவை வைத்து இவ்வளவையும் தெரிந்துகொள்ளும் அம்மாவை நினைத்தால் சில்வண்டுக்குப் பெருமை தாங்காது.

அன்று மெக்கானிக் தாத்தாவின் முறை. எழுபத்தெட்டு வயதிலும் ஸ்கூட்டர் பட்டறையைத் தனியாளாக நடத்துகிறவர். வண்டி தெருமுனையில் வரும்போதே சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் அதற்கு அப்பீலே கிடையாது.

பட்டறைக்குள்ளேயே தாத்தா தொளதொள கால்சட்டையோடு எடை மெஷினில் ஏறினார்.

"ஐம்பத்தொண்ணு புள்ளி நாலு," என்றார் அம்மா.

நோட்டில் எழுதிய சில்வண்டு புருவத்தைச் சுருக்கினாள். போன மாதமும் அதே எடை. அதற்கு முந்தைய மாதமும் அதேதான். அவளுடைய எடையே சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று காட்டும். இவருக்கு மட்டும் இம்மி பிசகவில்லையே!

அம்மா நாடாவைக் கெண்டைக்காலில் சுற்றினார். "இருபத்தொன்பது சென்டிமீட்டர். போன தடவை முப்பத்தொண்ணரை இருந்துச்சே. முப்பத்தொண்ணுக்குக் கீழ போனா கவனிக்கணும். எடை குறையாம கால் மட்டும் எப்படி இளைக்கும்? நாடாவுலதான் கோளாறோ என்னவோ."

வேறு நாடா எடுக்க அம்மா வாசலில் நிறுத்தியிருந்த வண்டிக்குப் போனார்.

சில்வண்டு குரலைத் தாழ்த்தினாள். "தாத்தா, பாக்கெட்ல என்ன இருக்கு?"

தாத்தா திருதிருவென விழித்தார். பிறகு நான்கு ஸ்பேனர்களையும் ஒரு டப்பா போல்ட்டையும் எடுத்துக் காட்டினார். "எவ்வளவு குறையுதோ அவ்வளவு போட்டுக்குவேன். கிராம் கணக்கா."

"எடை கொஞ்சம்கூட மாறலை, அதான் மாட்டிக்கிட்டீங்க. ஏன் தாத்தா இப்படி?"

"எடை ஐம்பதுக்குக் கீழ போனா பட்டறையைப் பூட்டிட்டு அவன்கூட வந்துடணும்னு பையன் சொல்லிட்டான். இந்தப் பட்டறையை விட்டா எனக்குக் கை கால் ஓடாதுடா."

"நல்லா சாப்பிட்டா எடை ஏறுமே?"

தாத்தா மேசை இழுப்பறையைத் திறந்தார். உடைந்த பல் செட்டு ஒன்று இருந்தது. "நானே பசை போட்டு ஒட்டினேன். அரத்தால தேய்ச்சும் பார்த்தேன். பொருந்த மாட்டேங்குது. மூணு மாசமா பாலும் ரொட்டியும்தான்."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"ஊர் வண்டியெல்லாம் ரிப்பேர் பண்றவன், என் பல்லைத் தூக்கிக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட போறதா? மானக்கேடு."

சில்வண்டுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாத்தாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "பல் டாக்டரோட ஸ்கூட்டர் நின்னுபோனா அவர் எங்கே போவார் தாத்தா?"

"இங்கேதான் வருவார். வேற எங்கே போவார்?"

"அது அவருக்கு மானக்கேடா?"

தாத்தா கையிலிருந்த ஸ்பேனர்களைக் குனிந்து பார்த்தார்.

அதற்குள் அம்மா புது நாடாவோடு வந்தார்.

"உங்க நாடா மேல தப்பில்லம்மா," என்று சொல்லி, தாத்தா ஸ்பேனர், போல்ட் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, தானாகவே மறுபடி மெஷினில் ஏறினார். நாற்பத்தெட்டு புள்ளி எட்டு. இந்த வயதில், இவ்வளவு பேர் மதிக்கும் ஒருவர், செய்த தப்பைத் தானே ஒப்புக்கொள்வது லேசான காரியமா? சில்வண்டுக்கு அவர்மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்கானது.

மகனுக்கும் தாத்தாவே போன் செய்து ஒன்று விடாமல் சொன்னார். மகன் முதலில் கடிந்துகொண்டார். கடைசியில், "ரெண்டு மாசம் பார்ப்போம்ப்பா. அதுக்குள்ள ஐம்பது வரணும்," என்றார்.

அந்த வாரமே தாத்தா பல் டாக்டரிடம் போனார். புது பல் செட்டு வந்தது. அம்மா எழுதிக் கொடுத்தபடி முட்டையும் பயறும் காய்களும் தட்டுக்கு வந்தன.

இரண்டு மாதம் கழித்து, மூன்று மாத முறைக்குக் காத்திராமல் அம்மா அளந்தபோது கெண்டைக்கால் முப்பது சென்டிமீட்டர். எடை மெஷின் நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பதில் நின்றது.

சில்வண்டுக்கு அழுகை வந்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் எத்தனையோ போல்ட்டுகள் கிடந்தன. தாத்தா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு துண்டு வெள்ளரிக்காயை வாயில் போட்டுக்கொண்டு மகனை போனில் கூப்பிட்டார்.

"நூறு கிராம் குறையுதுடா."

"அது என்னப்பா நறுக் நறுக்னு சத்தம்?"

"வெள்ளரிக்காய்."

மகன் சிரிப்பது சில்வண்டுக்கும் கேட்டது. "அப்போ அந்த நூறு கிராம் வந்துக்கிட்டே இருக்கு. பட்டறையைப் பார்த்துக்கோங்கப்பா."

தாத்தா போனை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யாருப்பா அங்கே நிக்கிறது? வண்டியை உள்ளே தள்ளிட்டு வா."