மோராவின் கண்பட்டை

ரூபியேலாவின் மணிக்கட்டில் இருந்த முடிச்சு அவள் போட்டதல்ல. அவள் போட்டது அவசரத்தில் போட்ட வெறும் இரட்டை முடிச்சு. காலையில் இருந்ததோ, மலைப்பாதையில் சுமை ஏற்றிப் போகிறவர்கள் கோவேறு கழுதைக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்ந்துவிடும். கயிற்றின் மறுமுனை அப்பாவின் கணுக்காலில் இருந்தது. அப்பா எலியேசர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை மறந்து, கரண்டியைத் தலைகீழாகப் பிடிக்கிற அந்த விரல்கள்தான் இதைப் போட்டிருக்க வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை.

அவர் எழுந்தால் கயிறு இழுத்து இவளை எழுப்பும் என்பது பக்கத்து வீட்டு ஒதிலியாவின் யோசனை. அதற்கு முன்னால் இரவு முழுக்க அப்பா நடந்தார். சுவரோடு பேசினார், அடுப்பங்கரையில் ஒன்றுக்குப் போனார், கழுதை ஓட்டிய காலத்து நினைப்பில் நாக்கைச் சொடுக்கி இல்லாத கழுதைகளை அதட்டினார், கதவைத் திறந்துகொண்டு பழைய கல்பாதையில் ஆற்றை நோக்கி இறங்கினார். நர்ஸ் கொடுத்த தூக்க மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து துப்பினார். மெடலின் நகரத்தில் இருக்கும் அண்ணன் போனில் ‘பார்த்துக்க’ என்பதோடு சரி. ரூபியேலா பகலில் காப்பிப் பழம் பறித்து மூட்டை சுமந்தாள், இரவில் அப்பாவைத் துரத்தினாள். ஒருநாள் செடிகளுக்கு நடுவே நின்றபடியே தூங்கி விழுந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் வராதே என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். வேலை போனால் இருவருக்கும் அடுப்பு எரியாது. எப்படியாவது தூங்க வேண்டும். அவளுக்கு அதற்கு மேல் எந்த ஆசையும் இல்லை.

“கட்டிப் போட்டதும் கிழவர் அடங்கிட்டாராடி?” என்றாள் ஒதிலியா, பறிக்கும்போது.

“சத்தமே இல்லக்கா. நானும் பொணமா தூங்குறேன்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? எவனாச்சும் ராத்திரி ஜன்னல் ஏறி வர்றானா?”

“வந்தா அவனை அப்பாவுக்குக் காவல் வெச்சுட்டு நான் இன்னும் நல்லா தூங்குவேன்.”

ஒதிலியா சிரித்தாள். கூடையைச் சரிசெய்யக் கை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். “தோள்ல என்னடி இவ்ளோ புண்ணு?”

“மூட்டைதான்.”

“மூட்டையை ஒரு தோள்லதானே தூக்குவே? ரெண்டும் உரிஞ்சிருக்கே.”

ரூபியேலா கூடையை இடுப்புக்கு இழுத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். படுத்ததைவிட அதிகக் களைப்போடு எழுகிறாள் என்பதைச் சொல்லவில்லை. கழுவிவிட்டுப் படுத்த உள்ளங்காலில் விடியும்போது ஈரமான செம்மண் இருப்பதையும், கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடப்பதையும் சொல்லவில்லை. அன்று காலை நாக்கில் வெல்லம் இனித்தது. பல்லிடுக்கில் ஏதோ உறுத்த, விரலால் நோண்டி எடுத்துப் பார்த்தாள். பச்சைச் சோளம். பாதி மென்றது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்து மோராவின் கண்பட்டைக்குப் பன்றிக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தார். சுமை ஏற்றும்போது மிரளாமலிருக்கக் கழுதையின் கண்ணை மூடிக் கட்டும் தோல்பட்டை அது. பெண்டாட்டி பெயரே மறந்துபோனவருக்கு மோரா என்ற அந்தக் கழுதை மட்டும் மறக்கவில்லை.

“இதைக் கட்டிட்டா போதும். என்ன ஏத்தினாலும் அப்படியே நிக்கும், பாவம்.”

“மோரா செத்து எவ்வளவோ வருஷமாச்சுப்பா. இறக்கத்துல காலை ஒடிச்சுக்கிட்டா. நீங்கதானே கழுத்தை…”

“பாக்க விடலியே நான். கண்ணைக் கட்டித்தான் செஞ்சேன். கடைசிவரைக்கும் என்னை நம்பி நின்னுச்சு.”

சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அவள் தோளைத் தட்டினார். முதுகெலும்பை அழுத்திப் பார்த்தார். இடுப்பில் கை வைத்து, சந்தையில் பிராணி பார்க்கிறவரைப் போலத் தலையாட்டினார்.

அன்றிரவு சுவரில் தொங்கிய வெட்டுக்கத்தியை உறையோடு எடுத்துத் தன் கட்டிலுக்கடியில் ஒளித்தாள். கட்டிலைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டாள். கயிற்றை முடிச்சின் மேல் முடிச்சாகக் கட்டினாள். இன்று தூங்குவதில்லை என்று கடுங்காப்பி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தகரக் கூரை குளிரில் சுருங்கி முனகுவதும், அப்பாவின் மூச்சு கரகரவென்று ஏறி இறங்குவதும், அதற்கெல்லாம் கீழே வெகு ஆழத்தில் ஆறு இரைவதும் கேட்டன. பன்றிக் கொழுப்பின் வீச்சம் அறை முழுக்க நின்றது. பிறகு அப்பாவின் மூச்சுச் சத்தம் நின்றது. எழுந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். கண்ணிமை கல்லாகக் கனத்தது. இருட்டில் யாரோ நாக்கைச் சொடுக்கினார்கள். மெதுவாக. அன்பாக.

ஆற்றின் இரைச்சலில்தான் விழித்தாள்.

பக்கத்தில் கேட்டது. மிகப் பக்கத்தில். கண்ணைத் திறந்தாள். இருட்டு. மறுபடி திறந்தாள். இமைமயிர் தோலில் உரசியது. கொழுப்பு வாசனை. முதுகில் பாரம், இரண்டு தோளிலும் கயிறு. காலடியில் வழுவழுத்த கல், சரிந்து இறங்கும் கல். அவள் நின்றுகொண்டிருக்கவில்லை. நடந்துகொண்டிருந்தாள்.

அப்பா என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. வாயில் குறுக்கே கயிறு.

முன்னால் நாக்குச் சொடுக்கு. கயிறு இழுபட்டது.

கல் புரண்டது. கால் மடங்கியது. உள்ளே ஏதோ சுள்ளி போல முறிந்தது.

கயிறு தளர்ந்தது. காலடிச் சத்தம் திரும்பி வந்தது. சொரசொரப்பான கை அவள் முழங்காலிலிருந்து கீழே தடவிக்கொண்டே போனது. நடுக்கமே இல்லை அந்தக் கையில். முறிந்த இடத்தில் நின்றது.

“அடடா. போச்சே கண்ணு.”

அழுதார். அவள் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டார். கன்னத்தை வருடினார். கண்பட்டையை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினார்.

“பாக்காதடி மோரா. நான் இருக்கேன்ல.”

தாடைக்கடியில் கை வைத்து அவள் முகத்தை உயர்த்தினார்.

உறையிலிருந்து இரும்பு உருவும் சத்தம்.