எட்டுக் கண்களின் முதல் பார்வை

செம்பருத்திப் புதருக்கடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆளைக் காணோம்.

குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு நெஞ்சு திக்கென்றது. தம் ஆட்சிக் காலத்தில் பிணமா... அதுவும் தேர்தல் நெருங்கும் நேரத்திலா...

"நிழல் விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றது பிணம்.

பதவியேற்ற நாள் முதல் அவரை யாரும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே தள்ளி நின்றுவிட்டார்.

புதரிலிருந்து ஒருத்தி ஊர்ந்து வெளியே வந்தாள். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தலையில் சருகு, மூக்கு நுனியில் மண், கண்கள்... அந்தக் கண்களை வர்ணிக்க அவர் மனசுக்குள் தொண்டையைச் செருமிக்கொண்ட வேளையில், கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

திரை நிறைய ரோமம். நடுவே பளபளவென்று எட்டுக் கண்கள். எட்டும் அவரையே பார்த்தன.

தலைவர் பூப்பாத்தியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அழகுல மயங்கிட்டீங்களா?"

"இவ்வளவு பெரிய மிருகம்... நம்ம வளாகத்துலயா?"

"மிளகு சைசு சிலந்தி சார். லென்ஸ் கொஞ்சம் ஊதிக் காட்டும்... உங்க சுற்றறிக்கை மாதிரி."

கோபம் வரவேண்டிய இடம். சிரிப்பு வந்தது. அது அவருக்கே அதிர்ச்சி.

"அம்மா சிலந்தி இலையை மடிச்சுக் கூடு கட்டி, முட்டைக்குக் காவல் இருக்கா. குஞ்சு வெளிய வர்றதைப் படம் எடுக்கணும்... அதுக்குத்தான் லீவு போட்டுப் படுத்துக் கிடக்கேன்."

அப்போது பார்த்து மருந்தடிப்பவர் முதுகில் டப்பாவோடு வந்து நின்றார். "தலைவரே, இந்தப் புதர்லயே ஆரம்பிச்சிடவா? ஒரு சிலந்தி தப்பக்கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க."

அவள் முகத்துச் சிரிப்பு அணைந்தது. "நீங்களா?"

எட்டுக் கண்களைத் தாங்கியவரால் அந்த இரண்டைத் தாங்க முடியவில்லை.

"அது வந்து... குழந்தைகளின் நலன் கருதி..."

"நம்ம கட்டடத்துல ஏதுடா குழந்தை?" என்று பால்கனியிலிருந்து கேட்டாள் அவருடைய அக்கா. மற்ற பால்கனிகளிலும் தலைகள் முளைத்தன. அத்தனையும் ஓட்டுகள்.

அவள் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பாதி மூடியாயிற்று. இன்னும் பாதி... அப்புறம் மாடிப்படி... அப்புறம் சாத்திய கதவு...

"எனக்குப் பயங்க," என்றார் தலைவர்.

பால்கனிகள் வாயைப் பிளந்தன.

"சிலந்தின்னாலே பயம். குளியலறையில ஒண்ணு இருந்தா, அக்கா வந்து எடுத்துப் போடுற வரைக்கும் குளிக்கவே மாட்டேன். நலனாவது ஒண்ணாவது... எல்லாம் சும்மா எழுதினது." மருந்தடிப்பவரிடம் திரும்பினார். "வேண்டாம்ப்பா, நீ போ."

ஜிப் நின்றது.

"இவ்வளவு பயந்தவர் ஏன் இன்னும் எழுந்து ஓடல?"

"நீங்க... இங்கதானே இருக்கீங்க."

தேதியும் கையொப்பமும் இல்லாமல் அவரிடமிருந்து வெளியான முதல் வாக்கியம் அது.

அவள் காது மடல் சிவந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடி புதருக்கடியில் படுத்தாள்... பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டு.

வாக்காளப் பெருமக்கள் பார்த்துக்கொண்டிருக்க, கஞ்சி போட்ட சட்டையோடு தலைவர் மண்ணில் குப்புறப் படுத்தார்.