கட்டு அவிட்டாச்சா?

தூக்கக் குளிசையை அரையாகக் குறைத்த மூன்றாம் நாள், பகல் ஒரு மணிக்குக் கண் விழித்த சாமித்தம்பி கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கப்போனவர், வைக்காமல் அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டார். சீமெந்துத் தரையில் ஈரமாக இரண்டு பாதத் தடங்கள். ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று நடந்துபோன தடங்கள் அல்ல அவை. வாத்தியார் எழுப்பி நிறுத்திய பள்ளிக்கூடப் பிள்ளையின் கால்களைப்போல் குதியோடு குதியும் விரலோடு விரலும் ஒட்டிக்கொண்டு, அவர் படுத்திருந்த முகத்தையே பார்த்தபடி நின்ற தடங்கள். குதிப் பக்கத்தில் ஒரு சிட்டிகை கடற்கரை மணல்.

கூரைத் தகடு வெயிலில் டிக் டிக்கென்று நெளிந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தரம் முனகியது. வெளியே கருவாடு காயும் மணமும், வாவிப் பக்கமிருந்து சேறு வெந்த மணமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஜன்னலால் நுழைந்தன. கல்லடி ஊரில் அந்த நேரத்தில் காகம்கூட வாயைத் திறவாது. சாமித்தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடங்கள் ஓரத்திலிருந்து காய்ந்து, சுருங்கி, கடைசியில் இரண்டு பெருவிரல்கள் மட்டும் மிஞ்சி, அவையும் போயின. மணல் போகவில்லை.

மகள் சுகந்தினி பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மருமகன் கட்டார் நாட்டில் வேலை. வீட்டில் வேறு ஆளில்லை.

ஒன்பது வருடமாக அவர் தூங்கியதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கத்துக்கே அவமானம். இரவு முழுக்க ஐஸ் பெக்டரி வாசலில் வாச்சர் வேலை, காலை ஏழு மணிக்கு வீடு, எட்டுக்குக் குளிசை, எட்டரைக்கு மரக்கட்டை. கல்லடிப் பாலத்தைப் பெயர்த்து அவர் நெஞ்சில் வைத்து, அதன்மேல் நூறு லொறியை ஓடவிட்டிருந்தாலும் மனுசன் கொட்டாவி விட்டு மறுபக்கம் திரும்பியிருப்பார். மாலை ஐந்து மணிக்கு மகள் முகத்தில் தண்ணீர் தெளித்தால்தான் உயிர் வரும். அப்படிப்பட்ட குளிசையைத்தான் கிளினிக்குக்குப் புதிதாக வந்த டொக்டர் ஸில்மியா மாற்றச் சொல்லியிருந்தாள்.

"ஐயா, ஒன்பது வருசமா இதையா போட்டிரிக்கீங்க? உங்கட மருந்துக் கொப்பியப் பாத்தா எனக்கே நித்திரை வருது."

"அது இல்லாட்டி நான் மனுசனில்ல டொக்டர்."

"அதப் போட்டுத்தானே போன மாசம் கிணத்தடியில விழுந்தீங்க? மெல்ல மெல்ல விடுவம். ரெண்டு கிழமைக்கு அரை. பொறகு ரெண்டு கிழமைக்குக் கால்வாசி. பொறகு ரெண்டு நாள் ஒண்டுமில்ல. அதுக்குப் பொறகுதான் இந்தப் புதுசு. சட்டெண்டு நிப்பாட்டவும் ஏலா, ரெண்டையும் ஒண்டாப் போடவும் ஏலா. விளங்கிச்சா?"

"ஒண்டாப் போட்டா?"

"மூச்செடுக்கிறத்த உடம்பு மறந்திரும்," என்றாள் டொக்டர், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. "பழசு குறையக் குறையக் கனவு கூடும். முழிப்பும் வரும். அதுக்குப் பயப்பிடப்படா."

அன்று மாலையே சுகந்தினி, சவரம் செய்யும் பிளேட்டை எடுத்து, பாண் வெட்டும் பலகையில் வைத்துக் குளிசைகளை வெட்டத் தொடங்கினாள். "மிச்சம் மறைச்சு வைச்சிரிக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். "சத்தியமா இல்ல," என்றார் சாமித்தம்பி. ஏழு முழுக் குளிசைகள் அவருடைய பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் நிம்மதியாகப் படுத்திருந்தன.

தடங்களைப் பற்றி மகளிடம் சொன்னார்.

"குளிச்சுப்போட்டு ஈரக்காலோட படுத்திரிப்பீங்க."

"நான் ரெண்டு காலையும் சேத்துக் குதிச்சா வருவன் புள்ள?"

"அரைக் குளிசைக்கு அரைப் பைத்தியம்," என்று சிரித்தாள் சுகந்தினி. "கால்வாசிக்குப் போகக்க பாப்பம்."

சாமித்தம்பியும் சிரித்தார். சிரித்தபடியே போய் அந்த ஒரு சிட்டிகை மணலைக் கூட்டி வெளியே கொட்டினார். ஏனென்றால், இரண்டு காலையும் சேர்த்து வைத்தபடி கடற்கரை மணலுக்குள் போன ஒரே ஒரு ஆளை அவருக்குத் தெரியும்.

அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை நிலத்தில் கால் தரிக்காத பெண். கல்லடியில் ஒரு வீட்டில் உலை கொதித்தால் மற்ற முனையிலுள்ள வீட்டுக்கு அவள்தான் செய்தி. மண்டூர் முருகன் கோயில் திருவிழா வந்தால் வெறுங்காலோடு புறப்பட்டுவிடுவாள். அவள் நடந்த தூரத்தை நீட்டி அளந்தால் இலங்கையை ஏழு தரம் சுற்றி வந்து, எட்டாம் தரத்துக்குப் பாதி வழி போயிருக்கலாம். "காலக் கட்டிப்போட்டாத்தான் நீ வீட்டில கிடப்பாய்," என்பது சாமித்தம்பி ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொன்ன வாழ்த்து.

அவள் செத்த வீட்டில், யாரோ ஒரு சொந்தக்காரர் அவருடைய உள்ளங்கையில் ஒரு குளிசையை வைத்தார்: "இதப் போடு, தாங்குவாய்." அதுதான் முதல் குளிசை. அந்த ஊர்ப் பக்கத்தில் செத்தவரின் கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டுவார்கள். பெட்டி மூடும் முன் கணவனோ பிள்ளையோ, உரித்துக்காரர் ஒருவர் அதை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காவிட்டால் என்ன நடக்கும் என்று எவரும் சொன்னதில்லை. அவிழ்க்காமல் விட்ட மடையன் அதுவரை ஊரில் பிறக்கவில்லை.

சாமித்தம்பி குனிந்தார். முடிச்சு இறுகியிருந்தது. விரல்கள் மாவாகக் குழைந்தன. கண் தானாக மூடியது. இனி இவள் எங்கே போகப்போகிறாள் என்று ஒரு எண்ணம், நித்திரைக்கும் சிரிப்புக்கும் நடுவில் வந்தது. நிமிர்ந்துவிட்டார்.

"கட்டு அவிட்டாச்சா மச்சான்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு இராசதுரை, பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடி.

"ஓம்."

ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு ஒன்பது வருடம் தூங்கினார்.

கால்வாசிக் குளிசை தொடங்கியதும் தடங்களைக் காணுமுன்பே விழிப்பு வந்தது. முதலில் சத்தம். தொப். பிறகு ஒரு மூச்சு எடுக்கிற நேரம். தொப். தேங்காய் விழுகிற சத்தமென்றால் அது இப்படி வீட்டுக்குள்ளே கேட்காது. ஈரமூட்டையைத் தூக்கித் தூக்கி வைப்பதுபோன்ற அந்தச் சத்தம் அவருடைய கட்டிலடியிலிருந்து புறப்பட்டு, அறை வாசலைத் தாண்டி, விறாந்தையில் ஒரு தரம் சறுக்கி, சமாளித்து, தெருப் படலையை நோக்கிப் போனது. படலைக்கு அங்கால் மணல். மணலில் சத்தம் இல்லை.

அரைக் குளிசையில் அவள் போன பிறகு விழித்தார். கால்வாசியில் அவள் போகும்போதே விழிக்கிறார். சாமித்தம்பி வெகுவாகப் படித்தவரில்லை. ஆனால் இந்தக் கணக்கு அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. குளிசையே இல்லாத நாளில் எப்போது விழிப்பார் என்பதும் விளங்கியது. முழுக் குளிசை போட்ட ஒன்பது வருடமும் ஒரு பகல் தவறாமல் இவள் வந்து, கட்டிலடியில் நின்று, அவர் குறட்டையைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்பதும்.

"டொக்டர், பழைய முழுசையே தாங்களன்," என்று தொலைபேசியில் கெஞ்சினார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டீங்க ஐயா. இன்னும் ஆறு நாள். பொறகு பாருங்க, குழந்தப்புள்ள மாதிரித் தூங்குவீங்க."

ஒன்றுமில்லாத முதல் நாள். சுகந்தினி சோற்றை மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். பிளேட்டைக் குசினியிலிருந்து எடுத்து வந்து சாமித்தம்பி தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். வந்தால் வரட்டும். ஒரு கீறல். துணி அறும். அவளும் போவாள், தானும் தூங்கலாம். இதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் உண்டா?

பன்னிரண்டரை. வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருந்தது. மின்விசிறி முனகியது. படலை திறந்த சத்தம் கேட்கவில்லை.

தொப்.

விறாந்தையில்.

தொப்.

கருவாட்டு மணம் நின்றது. பழைய மழைத் தண்ணீர் தேங்கிய கிடங்கின் மணம் வந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடினார். பாதி திறந்தார். தரையை மட்டும் பார்த்தார்.

கம்பி நிழல்களுக்கு மேலே இரண்டு பாதங்கள் வந்து இறங்கின. ஊறி வெளுத்தவை. பெருவிரல்களுக்கு நடுவில் துணி தெரியவில்லை. துணி இருந்த இடத்தில் ஒரு கறுத்த பள்ளம், அதற்குள்ளே எங்கோ துணி. ஒன்பது வருடம் குதித்ததில் குதிகால் தோல் தேய்ந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

முழங்காலுக்கு மேலே அவர் பார்க்கவில்லை.

கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது. உட்கார்ந்தாள். ஐஸ்கட்டியை இறக்குவதுபோல, கால்கள் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள். குழந்தை, செருப்பு மாட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டுமே, அப்படி.

பிளேட்டைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்தார். வேண்டியது ஒன்றுதான்:

ஒரு கீறல்.

அவிழ்த்தால் இவள் நடப்பாள் என்று அப்போதுதான் நினைத்தார். நடந்தால் வேறெங்கே போவாள்? இந்த வீட்டுக்குத்தானே வருவாள். குதிக்காமல். சத்தம் போடாமல். ஓடி.

பிளேட்டை விட்டெறிந்தார். அது தரையில் கிணுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனது. மடியிலிருந்த பாரம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எழுந்தது. தொப். தொப். அந்தத் தொப்பில் ஒரு வருத்தம் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, மகளின் பஸ் போன கையோடு, கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். பழையது ஏழு. டொக்டர் தந்த பெட்டியிலிருந்து புதியது ஒன்று. எட்டையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இன்றைக்கு அவள் வந்து தலைகீழாகக் குதித்தாலும் தெரியப்போவதில்லை என்று எண்ணி, மாப்பிள்ளைபோல நிமிர்ந்து படுத்தார்.

கால் போனது. கை போனது. நாக்கு ஒரு மூலையில் விழுந்து கிடந்தது. இமை பாதியில் நின்றுவிட்டது.

எல்லாம் தூங்கிற்று. அவர் தூங்கவில்லை.

மின்விசிறி. கூரைத் தகடு. வெயில் கம்பிகள். மணி பன்னிரண்டரை.

தொப்.

கூப்பிடப் பார்த்தார். வாய் எங்கேயென்று தெரியவில்லை.

தொப்.

அவள் குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் தடவினாள். தரையில் பிளேட் உரசியது. பிறகு, ஈரத்துணி கிழிகிற மிகச் சிறிய சத்தம்.

ஒரு பெருமூச்சு. ஒன்பது வருடத்துப் பெருமூச்சு.

அவருடைய பாதங்களைக் குளிர்ந்த கைகள் எடுத்தன. பெருவிரலோடு பெருவிரலைச் சேர்த்தன. நனைந்த துணி ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று. முடிச்சு விழுந்தது. இறுகியது. அவள் பல்லால் கடித்து இன்னும் இறுக்கினாள்.

பிறகு நடந்தாள். ஒரு கால். மற்றக் கால். ஒரு கால். மற்றக் கால். விறாந்தை. முற்றம். படலை. எவ்வளவு அழகான நடை! கல்லடி முழுக்கக் கேட்டிருக்கும்.

"அப்பா, எழும்புங்க. அஞ்சு மணியாச்சு. அப்பா? அப்போய்!"

மகளுடைய அழுகையைக் கேட்டார். மூச்சைத் தேடியவர்களின் விரல்கள் மூக்கில் ஊர்ந்ததை அறிந்தார். கால் கட்ட வந்தவர்கள் கட்டு ஏற்கனவே கிடப்பதைக் கண்டு, வேறு யாரோ கட்டிவிட்டார்களென்று எண்ணிக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இரவு முழுக்க ஒப்பாரி. விடிய, ஒரு கிழவி சுகந்தினியிடம் சொன்னாள்: "அரைக் குளிசையொண்டு போடு புள்ள, தாங்குவாய்."

அவள் போட்டாள்.

பெட்டி. மல்லிகை. வெள்ளைத் துணி. முகத்துக்கு மேலே இராசதுரையின் நரைத்த மீசை.

காலடியில் சுகந்தினி குனிந்தாள். அவளுடைய விரல்கள் முடிச்சில் வழுக்கின. மீண்டும் வழுக்கின. மாவு விரல்கள். நின்றுவிட்டன.

அவிழ்த்துவிடு புள்ள. அவிழ்த்துவிடு.

"கட்டு அவிட்டாச்சா மகள்?"

விரல்கள் முடிச்சை விட்டு எடுபட்டன. பிறகு, எங்கோ தூரத்திலிருந்து, நித்திரையில் பேசுவதுபோல அவள் குரல்:

"ஓம் மாமா."

மூடி இறங்கியது. ஆணி. ஆணி. ஆணி. மணல், ஒரு கைப்பிடி. பிறகு மண்வெட்டி மண்வெட்டியாக.

மேலே எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகுதான் மருந்து தெளிந்தது.

முதலில் அசைந்தவை இரண்டு பெருவிரல்கள். இரண்டும் ஒன்றாக.