ஐந்து நாற்பதுக்கு ஒரு பதிவு

போன் அடித்தது.

கண்ணாடிக்கடைக்காரன் எடுக்கவில்லை. எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தோடு, சுவரிலிருந்த எழுத்துகளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த லென்ஸா... இல்ல, இந்த லென்ஸா? எதுல தெளிவா தெரியுது?"

"ரெண்டும் ஒண்ணுதான். எது விலை கம்மி?"

போன் மறுபடி அடித்தது. திரையில் மருந்துக்கடைக்காரன் பெயர்.

எடுத்தான்.

"கண்ணாடி... பண்டிதர் போயிட்டார்டா."

"எங்கே?"

"எங்கேன்னா கேக்கறே? செத்துட்டார்டா. கீழ்வீட்டம்மா காலையில பால் பாக்கெட் கொடுக்கப் போயிருக்காங்க. கதவு சும்மா சாத்தியிருந்திருக்கு. மேசைக்குக் கீழே கிடந்தாராம்... தலையில அடி."

கண்ணாடியின் கையிலிருந்த லென்ஸ் தரையில் விழுந்தது. உடையவில்லை. உருண்டு போய் பெண்மணியின் செருப்பருகே படுத்துக்கொண்டது.

தலையில் அடி...

அந்தத் தலை எப்படி அடிபட்டது என்று அவனுக்குத் தெரியும்.

*

மூன்று பேர். ஒரே பைத்தியம்.

'வாள்வழி' என்ற வீடியோ கேம். பழைய காலத்துப் படைவீரன் ஒருவன் கோட்டை ஏறுவான், குதிரை ஓட்டுவான், கப்பல் விடுவான். இதுவரை ஆறு பாகங்கள். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால் பண்டிதரின் மாடி அறையில் கூடி, எந்தப் பாகம் உயர்ந்தது என்று தொண்டை கட்டும்வரை சண்டை போடுவார்கள். மிச்சச் சண்டையை ரசிகர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் போடுவார்கள்.

பண்டிதர் கட்டட வரைபடம் போடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. இரண்டாம் பாகம் மட்டுமே கேம், மற்றதெல்லாம் குப்பை என்பது அவர் கட்சி. கண்ணாடி, நாலாம் பாகம். மருந்து, ஆறாம் பாகம். அதைச் சொன்னால் மற்ற இருவரும் சிரிப்பார்கள். பதினோரு வருடத்தில் கடைசி மூன்று வருடம் அவன் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறான்.

நேற்றும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"ஆறாம் பாகத்துல கடல் எப்படி இருக்கு தெரியுமா?" என்றான் மருந்து.

"தெரியும். தண்ணியா இருக்கு" என்றார் பண்டிதர். "நாலு மணி நேரம் கப்பல்லயே போறான். சண்டை போடப் போறானா, சரக்கு ஏத்தப் போறானா?"

"நீங்க கடைசி வரைக்கும் ஆடிப் பார்த்துட்டுப் பேசுங்க."

"ஒரு மணி நேரம் ஆடினேன். வாந்தி வந்துது. நிறுத்திட்டேன்."

மருந்து மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டான். பண்டிதர் கண்ணாடியின் பக்கம் திரும்பினார்.

"உன் நாலாம் பாகம் மட்டும் என்ன யோக்கியம்? அந்தப் பீரங்கியை எடுத்துக்க. அந்தக் காலத்துல அது கிடையாது. நூறு வருஷம் கழிச்சுத்தான் வந்தது."

"யோவ், கேம்ல சரியாச் சுடுதா இல்லையா, அதைச் சொல்லும்."

"தப்பான தேதியில சரியாச் சுட்டா போதுமா? உன் கடை மாதிரியே பேசறே. ஃப்ரேம் பளபளன்னு இருந்தாச் சரி, கண்ணு தெரியணும்னு அவசியமில்ல."

கடையை இழுத்திருக்கக் கூடாது.

கண்ணாடி எழுந்தான். பண்டிதரும் எழுந்தார். கண்ணாடியின் கை அவர் நெஞ்சில் பட்டது... ஒரே தள்ளு.

முதுகுக்குப் பின்னால் 'தடால்' என்று சத்தம் கேட்டபோது அவன் வாசல் வரைக்கும் போய்விட்டிருந்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு தடவை திரும்பியிருக்கலாம். கழுத்துதானே... சுளுக்கிக்கொள்ளாது.

*

பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டர் கடைக்குள் வந்தார். ஒல்லியான மனிதர். வந்ததும் ஒரு ஃப்ரேமை எடுத்து மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் முகம் பார்த்தார்.

"இது எனக்கு நல்லாயிருக்கா?"

"ந... நல்லாயிருக்கு சார்."

"வியாபாரி அப்படித்தான் சொல்வீங்க." கழற்றி வைத்தார். "நேத்து எத்தனை மணிக்குப் பண்டிதர் வீட்டைவிட்டு வந்தீங்க?"

"மூணரை இருக்கும் சார்."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போனேன். நாலு மணிக்கு மச்சினன் குடும்பத்தோட வந்தான். ராத்திரி சாப்பிட்டுத்தான் போனாங்க."

"அப்போ உங்களுக்குக் கவலையே இல்ல. மூணுல இருந்து ஆறுக்குள்ள போயிருக்கார்னு டாக்டர் சொல்றார். ஆனா, அஞ்சு நாற்பதுக்கு அவர் உங்க மன்றத்துல ஒரு பதிவு போட்டிருக்கார். அப்ப வரைக்கும் உயிரோட இருந்திருக்கார்னு ஆகுது. நாற்காலி சாய்ஞ்சு கிடந்தது. எதுக்கோ மேல ஏறி விழுந்திருப்பார் போல."

கண்ணாடிக்கு மூச்சு வந்தது. அஞ்சு நாற்பது! அப்படியானால் தான் இல்லை...

"நீங்க அந்தப் பதிவைப் பார்க்கலையா?"

"கோபத்துல மன்றம் பக்கமே போகல சார்."

இன்ஸ்பெக்டர் தன் போனை நீட்டினார். கண்ணாடி படித்தான்.

'நண்பர்களே, இத்தனை நாள் நான் தவறாகப் பேசிவிட்டேன். வாள்வழியின் ஆறு பாகங்களில் ஆறாவதே சிறந்தது. கடைசிப் புயலில் தலைவன் மயங்கி விழ, அவன் மகள் சுக்கானைப் பிடிக்கும் காட்சிக்கு இணையே கிடையாது...'

வந்த மூச்சு நின்றது.

பண்டிதர் இதை எழுதவில்லை. எழுதியிருக்க முடியாது. அந்தப் புயலை அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடியும் பார்த்ததில்லை. முதல் துறைமுகத்திலேயே தூங்கிப்போனவன். அதைக் கடைசிவரை ஆடியவன் மூவரில் ஒருவன்தான்.

மருந்து.

"என்ன, ஏதாவது வித்தியாசமா இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இந்தப் பதிவுதான் கண்ணாடியைக் காப்பாற்றுகிறது. இது பொய் என்று சொன்னால், பண்டிதர் மூன்றரைக்கே செத்தார் என்றாகும். தள்ளிய கை மாட்டும்.

"இல்ல சார்" என்றான். "அவர் நடைதான்."

*

மருந்துக்கடையின் பின்னறை. அட்டைப்பெட்டிகள். ஊசி மருந்து வைத்த ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"பதிவை நீதான் எழுதினே" என்றான் கண்ணாடி.

மருந்து கையிலிருந்த பட்டியலை மடித்தான். மறுபடி மடித்தான்.

"எனக்காகவாடா?"

மருந்து நிமிர்ந்து பார்த்தான். பேரத்தில் தன் விலையை முதலில் சொல்லாதவன் பார்க்கிற பார்வை.

"முதல்ல நீ என்ன பண்ணினேன்னு சொல்லு."

கண்ணாடி சொன்னான். தள்ளியதை, சத்தத்தை, திரும்பாததை... சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

மருந்து மெதுவாக அவன் தோளில் கை வைத்தான்.

"ஹெல்மெட்டை மறந்துட்டு வந்துட்டேன்டா. எடுக்கத் திரும்பிப் போனேன். நீ தெருமுனையில வேகமா போயிட்டிருந்தே. மேலே போய்ப் பார்த்தா... ஆள் இல்ல. முடிஞ்சிருந்தது. கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. உனக்கு ரெண்டு பொண்ணுங்கடா. வேற என்ன பண்ணச் சொல்றே?"

"எனக்காக நீ போலீஸ்கிட்ட..."

"வாயைத் திறக்காதே. விபத்துன்னு மூடிடுவாங்க. நீயும் நானும் சேர்ந்து போய் மாலை போட்டுட்டு வந்துடலாம்."

கண்ணாடி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். பின்னே? இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான்?

*

அன்று மாலை மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு கூழாக்கிட்டீங்க. அவர் உங்களுக்கு அவ்வளவு வேண்டியவரா? போன வாரம்தானே அந்த ஆளு வாய்க்குப் பூட்டுப் போடணும்னீங்க?"



பூட்டுத்தான் போட்டாயிற்றே.

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். இருவரையும் பார்த்தான். மருந்தை நினைத்தான். தப்பு பண்ணினவன் சோறு பிசைகிறான். பண்ணாதவன் நாளைக்கு மாட்டினால்? பொய்ப் பதிவு போட்டவன் என்று அவனை அல்லவா இழுத்துக்கொண்டு போவார்கள்?

எழுந்து கை கழுவினான்.

"எங்கே?"

"வந்துடறேன்" என்றான். எப்போது என்று சொல்லவில்லை.

*

"நான்தான் சார் கொன்னேன்."

இன்ஸ்பெக்டர் ஃபைலிலிருந்து தலை தூக்கவில்லை.

"உட்காருங்க. மத்தியானமே வருவீங்கன்னு நினைச்சேன்."

"உங்களுக்குத்... தெரியுமா?"

"பண்டிதர் சொன்னார்."



"செத்தவர் எப்படி சார்..."

இன்ஸ்பெக்டர் ஒரு நோட்டை மேசையில் தள்ளினார். பச்சை அட்டை. வாள்வழியின் ஒவ்வொரு பாகத்துக்கும் நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கமாகப் பண்டிதர் எழுதி வைக்கும் நோட்டு. கடைசிப் பக்கம். அவருடைய வரைபட எழுத்து, எறும்பு வரிசை மாதிரி.

'ஞாயிறு, 3.40. கண்ணாடி என்னைத் தள்ளிவிட்டுப் போனான். பின்தலையில் வீக்கம். ஈரத்துண்டு கட்டியிருக்கிறேன். கை நீண்டால் வாதம் தீர்ந்தது என்று பொருள், வெற்றி எனக்கே. ஆனால் கடையைப் பற்றி நான் பேசியது தவறு. நாலாம் பாகத்தில் குதிரைகள் நன்றாக இருந்தன. நாளை அவனிடம் சொல்லிவிட வேண்டும்.'

கண்ணாடி படித்தான். மறுபடி படித்தான். எழுத்துகள் கரைந்தன. கண்ணாடிக்கடைக்காரனுக்கே கண் தெரியவில்லை.

"அப்போ அவர்... நான் போனப்புறமும்..."

"உட்கார்ந்து நோட்டு எழுதியிருக்கார். அவர் தலையில ரெண்டு காயம். பின்னாடி வீங்கியிருந்தது உங்களோடது. அதுக்கு ஈரத்துண்டு போதும். நெத்தியில விழுந்தது வேற. மேசை விளக்கோட இரும்பு அடிப்பாகம். துடைச்சு வெச்சிருந்தாங்க, சரியாத் துடைக்கல. அதான் ஆளைக் கொன்னது."

"விபத்துன்னு சொன்னீங்களே சார்."

"நான் சொல்றதை எல்லாம் நீங்க ஏன் நம்பறீங்க? அவரைத் தள்ளினது நீங்கதான்னு தெரிஞ்சுதான் வந்தேன். அந்தப் பதிவைப் படிச்சதும் உங்க மூஞ்சி போன போக்கையும் பார்த்தேன். இப்போ சொல்லுங்க. அது யார் எழுதினது?"

கண்ணாடி உதட்டைக் கடித்துக்கொண்டான். நண்பன்... தனக்காக...

"தெரியாது சார். ஆனா அவர் எழுதல. செத்தாலும் ஆறாம் பாகத்தை ஒத்துக்க மாட்டார்."

"செத்தப்புறம்தான் ஒத்துக்கிட்டிருக்கார். மன்றம் நடத்தறவர்கிட்ட விசாரிச்சோம். நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு எழுதி, அஞ்சு நாற்பதுக்கு வெளியாகணும்னு நேரம் குறிச்சு வெச்சிருக்காங்க. அஞ்சு நாற்பதுக்கு நாலு பேர் கண் முன்னாடி இருந்தவன் யாரோ, அவன் வேலை." நோட்டில் ஒரு பக்கம் முன்னால் திருப்பினார். "இதையும் படிங்க."

நாலாம் பாகத்தின் காலப் பிழைகள். பீரங்கி, நூறு வருடம் முன்னால். கடிகாரம், அறுபது வருடம் முன்னால். அதற்குக் கீழே, அதே மையில், அதே எறும்பு எழுத்தில்...

'என் ரத்த அழுத்த மாத்திரை அட்டை: காலாவதித் தேதி சுரண்டப்பட்டு வேறு தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. மூன்று அட்டைகளிலும் அப்படியே. இன்று கண்ணாடி போனபின் அவனைத் தனியாக வரச் சொல்லிக் கேட்கிறேன். சரியான பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை புகார்.'

கண்ணாடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னறை ஞாபகம் வந்தது. அட்டைப்பெட்டிகள்... தோளில் வைத்த கை... 'முதல்ல நீ என்ன பண்ணினேன்னு சொல்லு'. தள்ளியது அவனுக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடியே போய், கண்ணீரும் கம்பலையுமாக, இலவசமாகக் கொடுத்துவிட்டு வந்த கதை அது. வாங்கியவன் அதையே நட்பு என்று திருப்பி விற்றுவிட்டான்.

"எனக்காக இல்லையா..." என்று முணுமுணுத்தான்.

"யாரு?"

கண்ணாடி சொன்னான். ஹெல்மெட்டில் ஆரம்பித்துப் புயல்வரை எல்லாவற்றையும் சொன்னான்.

"ஆறாம் பாகத்தை முழுசா முடிச்சவன் எங்க மூணு பேர்ல அவன் ஒருத்தன்தான் சார். ஆடாதவனால அந்தப் புயலை எழுத முடியாது."

எழுந்து வாசல்வரை போனவன் நின்றான்.

"சார்... நான் மட்டும் நேத்து திரும்பிப் பார்த்து, கைகொடுத்துத் தூக்கிவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் சண்டை போட்டுட்டு உட்கார்ந்திருந்தா..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

*

மருந்துக்கடையில் மூன்று வாடிக்கையாளர்கள். நான்காவதாகப் போலீஸ்.

பின்னறைப் பெட்டிகளைக் கான்ஸ்டபிள்கள் வெளியே கொண்டுவர, மருந்தின் முகம் வெளுத்தது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஓரம் சுரண்டல். வாசலில் நின்ற கண்ணாடியைப் பார்த்தான்.

"உன்னை வாயைத் திறக்காதேன்னு சொன்னேனேடா."

"எனக்காகன்னும் சொன்னே."

"பொய்ப் பதிவு போட்டது சரி" என்றார் இன்ஸ்பெக்டர். "நேரம் குறிச்சதும் சரி. 'இன்னிக்குச் சூடு அதிகம்'னு ஒரு வரி எழுதியிருந்தா எங்களுக்கு இவ்வளவு சுலபமா இருந்திருக்காது. ஏன்யா அந்தப் புயலை எழுதினே?"

மருந்து தலை குனிந்தான்.

"மூணு வருஷம் சிரிச்சாங்க சார். ஒரு தடவை... அவர் பேர்ல ஒரே ஒரு தடவை ஒத்துக்கிட்ட மாதிரி பார்க்கணும்னு தோணிச்சு. கையைக் கட்டுப்படுத்த முடியல." சட்டென்று நிமிர்ந்தான். கண்ணில் பழைய ஞாயிற்றுக்கிழமை வெறி. "ஆனா ஒண்ணு சார். நான் எழுதினதுல ஒரு வரி... ஒரே ஒரு வரி தப்புன்னு இவனைக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்."

கண்ணாடிக்கு எப்படித் தெரியும்? முதல் துறைமுகத்திலேயே தூங்கிப்போனவன்.

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார்.

"ஒண்ணும் தப்பில்ல. நீங்கதான் ஜெயிச்சீங்க. வண்டியில ஏறுங்க."