உள்ளங்கைக்குக் கேட்டது

கிளப்பின் படிக்கட்டில் இறங்கும்போதே அக்காவுக்குக் கால் வழியாக அதிர்வு ஏறியது. கீழே ஜன்னலில்லாத நிலவறை. கூரையில் ஈரம் பூத்திருந்தது. சிந்திய பியரும் வியர்வையும் கலந்த வாடை. புகைக்குள் சிவப்பு விளக்குகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன.

தம்பியின் ஆல்பத்துக்கு அன்று பத்து வயது.

எலக்ட்ரானிக் இசையில் அவ்வளவு ஆழமான பேஸை, நெஞ்சை அதிரவைக்கும் அந்த அடிநாதத்தை, அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லையாம். பின்னால் வந்தவர்களெல்லாம் அவன் போட்ட பாதையில்தான் நடந்தார்களாம். அவன் ஏன் அந்தப் பாதையைப் போட்டான் என்று அக்காவுக்குத்தான் தெரியும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் காதுகளை அடைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் பிறந்தவன் அவன். அவன் குரலை அவள் கேட்டதே கிடையாது. "காதுக்குக் கேக்கலன்னா போகட்டும், கைக்குக் கேக்கட்டும்" என்று ஒவ்வொரு பாட்டையும் அவள் கையை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்துத்தான் முடித்தான்.

ஆல்பம் வெளிவருவதற்குள், ஒரு மழை நாளில், காரோடு ஆற்றில் போய்விட்டான்.

குருவி ஓடிவந்தான். தம்பியோடு சேர்ந்து இசையமைத்தவன்; இன்றைக்கு மேடை அவனுடையது. தன் உதட்டசைவை அவள் படிக்க வசதியாக முகத்தை நேரே வைத்துப் பேசினான்.

"நீங்க வருவீங்கன்னு நினைக்கவே இல்லக்கா."

"நானும்தான் நினைக்கல. அவன் போனதுலேர்ந்து இதைத் தொட மனசு வரல. ஒரே ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்டா."

மேடையோரத்து ஆளுயர ஸ்பீக்கரில் இரண்டு கைகளையும் வைத்தாள். மரப்பலகை திமிறியது. சுற்றிலும் கூட்டம் குதித்து ஆட, அவள் மட்டும் நெற்றியையும் அதில் சாய்த்து, சத்தமில்லாமல் அழுதாள்.

திடீரென்று விளக்குகள் அணைந்தன.

ஒவ்வொன்றாக செல்போன் வெளிச்சங்கள் எழுந்தன. குருவி தன் முகத்தில் வெளிச்சம் பிடித்துக்கொண்டான். "கரண்ட் போயிடுச்சுக்கா. பாட்டு நின்னுடுச்சு."

"நிக்கலையே."

அவள் உள்ளங்கையில் அது அடித்துக்கொண்டேயிருந்தது.

அவன் சிரித்தபடி தானும் கை வைத்தான்.

சிரிப்பு செத்துப்போனது.

ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து வயரைப் பிடுங்கினான். வயர் அவன் கையோடு வந்து தொங்கியது. அதிர்வு நிற்கவில்லை. பலகை சில்லிட்டுக்கொண்டே போனது. எங்கிருந்தோ சேற்றுத் தண்ணீர் வாடை.

அப்போது அக்காவுக்குக் காது கேட்டது.

ஒரே ஒரு குரல். அவள் அறியாத குரல். ஆனாலும் யாருடையது என்பதில் துளி சந்தேகமில்லை.

"குளிருதுக்கா."

அவள் குருவியின் தோளைப் பற்றினாள். "கேட்டியாடா? உனக்குக் கேட்டுச்சா?"

அவன் மறுபடி தன் முகத்தில் வெளிச்சம் பிடித்தான். "என்ன கேட்டுச்சுக்கா?"

அவள் தன் தோளில் கிடந்த சால்வையை உருவி ஸ்பீக்கரின்மேல் போர்த்தினாள். கைக்குழந்தையைத் தட்டுவதுபோல் மெல்லத் தட்டினாள்.

"தூங்குடா கண்ணு. அக்கா பக்கத்துலதான் இருக்கேன்."

அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் காதுகளும் பழையபடி அடைத்துக்கொண்டன. இன்னொரு தடவை கூப்பிடுவானா என்று வெகுநேரம் நின்றாள்.

கூப்பிடவில்லை.

விளக்கு வந்தது. குருவி சால்வையை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

சால்வை எழுந்து எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது, அசந்து தூங்குகிறவனின் நெஞ்சு மாதிரி.