தொட்டிலில் வைக்கக்கூடாதது

பிள்ளையின் அறையைக் காட்டுகிற மொனிற்றர் திரையில் கைக்குழந்தை மெலிசா மல்லாந்து படுத்திருந்தாள். செரீனா கிடத்திவிட்டு வந்தபடியேதான், ஸ்லீப் சாக்கு என்கிற நித்திரைப் பைக்குள் கால் இரண்டையும் நீட்டி, கைகளைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு. ஆனால் கால்மாட்டில் அந்த மஞ்சள் போர்வை கிடந்தது.

சற்று முன்னர்தான், பிள்ளையின் கண் சொருகியதும், அதை விரல்களிலிருந்து மெல்ல உருவி அறைக்கு வெளியே படிக்கட்டுக் கைப்பிடியில் போட்டுவிட்டு வந்தவள் அவள்.

குசினியில் மீன் பொரிகிற சத்தம் கேட்டது. செரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளடிஸ் மச்சாள்! வேறு ஆர்?

கிளடிஸ், கணவன் யூட்சனின் அக்கா. செரீனா வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் வேலை பார்ப்பதால், பிள்ளைக்குத் துணையாக மத்தியானங்களில் மோர்னிங்சைட் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து ரூஜிலுள்ள இந்த வீட்டுக்கு வருகிறவள். துணையாம். தடிமனுக்கு விக்ஸ், காய்ச்சலுக்கு விக்ஸ், அழுதால் கண்ணூறு. பிள்ளை வளர்ப்பில் அவளுக்கு இருந்த ஒரே தகுதி, அவள் பெற்ற மூன்றும் எப்படியோ தப்பிப் பிழைத்ததுதான் என்பது செரீனாவின் எண்ணம். அந்தப் போர்வையும் அவள் தந்ததாகத்தான் இருக்கவேண்டும். ஞானஸ்நானத்துக்கு வந்த பரிசுகளுக்குள், பேர் எழுதாமல் கிடந்தது அது. அப்படியொரு மலிவுச் சாமானை வேறு ஆர் வாங்குவார்கள்?

பிள்ளைக்கோ அதில் உயிர். கன்னத்தில் தேய்த்தால்தான் நித்திரை. நேர்ஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: ஒரு வயதுவரைக்கும் தொட்டிலுக்குள் பிள்ளையும் இறுக்கி விரித்த விரிப்பும் மட்டும், போர்வை, தலையணை, பொம்மை ஒன்றும் கூடாது. ஆசைப் போர்வையை முழித்திருக்கும்போது, பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் கொடுக்கலாம்; தூங்கியதும் எடுத்துவிடவேண்டும். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

செரீனா மேலே போய்ப் போர்வையை எடுத்தாள். அது சூடாக இருந்தது. ஆரோ இப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றிப் போட்டதைப்போல. பிள்ளையின் பால் மணத்துக்கு அடியில் இன்னொரு மணம், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையினுடையது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை அலுமாரிக்குள் திணித்துப் பூட்டினாள். கீழே கொஞ்சநேரம் வேலை பார்த்துவிட்டு, மொனிற்றரைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனபோது ஒருதரம் திரையைப் பார்த்தாள்.

கால்மாட்டில் மஞ்சள் போர்வை.

"மச்சாள், உங்களுக்குத் தமிழில சொன்னா விளங்காதோ? சுவரில எழுதி ஒட்டவேணுமோ?"

கிளடிஸ் அகப்பையோடு திரும்பினாள். "என்ன செரீனா?"

"தொட்டிலுக்குள்ள போர்வையை வைக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்? பிள்ளைக்கு மூச்சடைச்சா ஆர் பதில் சொல்லுறது?"

கிளடிஸ் அடுப்பை நிற்பாட்டினாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. அதுதான் செரீனாவை இன்னும் எரிச்சலாக்கியது.

"நான் வைக்கேல்லை. நான் ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்டிருக்கிறன். நீர்தான் வைக்கிறீர் எண்டு நினைச்சன். தாய்க்காரிக்குப் புத்தி சொல்லக்கூடாதெண்டு பேசாமல் இருந்தனான்."

செரீனா சிரித்துவிட்டாள். "நீங்கள் வாங்கித் தந்த சாமானை நான் போய் வைக்கிறனோ?"

"உந்தப் போர்வையை நான் தரேல்லை. நான் பிள்ளைக்குச் சங்கிலியல்லோ போட்டனான்."

"ஓம் ஓம். அப்ப போர்வை தானா நடந்து போகுதாக்கும். நீங்கள் வெளிக்கிடுங்கோ மச்சாள். இனி வரவேண்டாம். யூட்சனோட நான் கதைக்கிறன்."

கிளடிஸ் கோட்டைப் போட்டாள், பூட்ஸை மாட்டினாள். கதவடியில் நின்று மேல்மாடிப் பக்கம் பார்த்தாள். "பிள்ளையைத் தனிய விடாதேயும்," என்றாள். அதிலும் நாடகம். செரீனா அவளுடைய முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஆவதற்குள்ளேயே வெளிச்சம் சாம்பல் நிறமாகி, எதிர்வீட்டுக் காரும் குப்பைத் தொட்டியும் ஒரே வெள்ளை மேடாகி, வீதியில் ஒரு சத்தமும் இல்லாமல், நிலவறையில் ஹீற்றர் உறுமத் தொடங்கிச் சுவர்களுக்குள்ளால் சூடான காற்றை ஊதுகிற ஓசை மட்டும் வீடு முழுக்கப் பரவியது. அந்த ஓசைக்குள், மொனிற்றரின் சின்ன ஒலிபெருக்கியில், பிள்ளையின் மூச்சு.

செரீனா மேலே போய்ப் போர்வையை எடுக்கத்தான் திரும்பினாள். அதற்குள் மனேஜரின் மின்னஞ்சல். ஒரு வரி பதில் எழுதிவிட்டுத் திரையைப் பார்த்தாள். போர்வை மெலிசாவின் முழங்காலில் இருந்தது.

உதைத்திருப்பாள், என்று நினைத்தாள். ஆனால் உதைத்தால் போர்வை கீழேதானே போகும்?

கண்ணை எடுக்காமல் பார்த்தாள். போர்வை அசையவில்லை. மலிவுக் கமரா, படம் இழுபடுகிறது. ஒருதரம் கண்ணை மூடித் திறந்தாள்.

வயிற்றில்.

மூச்சுச் சத்தத்தை உற்றுக் கேட்டாள். ஒன்று இழுக்கிறது. அது விடுவதற்கு முன் இன்னொன்று இழுக்கிறது.

இரண்டு மூச்சு.

செரீனா ஓடினாள். படியில் கால் சறுக்கியது. முழங்கால் அடிபட்டது. எழும்பினாள். அறைக் கதவைத் தள்ளினாள். தடித்த திரைச்சீலை, கும்மிருட்டு, அந்தப் பூட்டிய மணம். தடவினாள். துணி. பிள்ளையின் முகத்துக்கு மேலே துணி. பிடுங்கி எடுத்தாள். இருட்டில் கைக்கு அகப்பட்ட சின்ன உடம்பை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். முன்கதவைத் திறந்து போர்வையைப் பனிக்குள் வீசினாள். பூட்டினாள். கதவுக் கொழுவியையும் போட்டாள்.

பிள்ளை அழவில்லை. ஆனால் மூச்சு கழுத்தில் பட்டது. "கர்த்தரே," என்றாள் செரீனா. "ஒண்டுமில்லையடா குஞ்சு. அம்மா இருக்கிறன்."

மெல்ல மெல்லப் பயம் அடங்கியது. அடங்கியதும் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. எல்லாம் அந்த மனுஷி பயங்காட்டிவிட்டுப் போனதால்தான். படித்தவள் ஒருத்தியை இப்படிப் படியில் விழுந்து எழும்ப வைத்துவிட்டாளே! இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. குசினிக்குப் போய், மேசையில் இருந்த மொனிற்றரை நிற்பாட்டக் கையை நீட்டினாள்.

திரையில் தொட்டில் தெரிந்தது. போர்வை இல்லை. ஒன்றும் இல்லை. இறுக்கி விரித்த விரிப்பில், ஸ்லீப் சாக்குக்குள், மெலிசா மல்லாந்து படுத்திருந்தாள்.

படம் உறைந்துவிட்டது. பழைய படம். மலிவுச் சாமான்.

திரையில் மெலிசா கொட்டாவி விட்டாள். கையை எடுத்து மூக்கைத் தேய்த்தாள். கண்ணைத் திறந்து, சுற்றுமுற்றும் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். மேல்மாடியிலிருந்து அவளுடைய அழுகை கேட்டது. அதே அழுகை மொனிற்றரிலும்.

செரீனா குனிந்து பார்க்கவில்லை.

தோளில் கிடந்தது இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படுத்தது. பிறகு அதன் சின்னக் கை ஒன்று அவளுடைய முதுகுப் பக்கமாக ஊர்ந்து போய், அழுகிற பிள்ளையை நித்திரையாக்குகிற பெரியாளைப்போல, மெதுவாக, ஒரே தாளத்தில், அவளைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.